முருங்கைக்காய் வேலி

எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே தட்டுதான். தட்டு வாங்க வழியில்லாத வீடு என்று நினைத்துவிட வேண்டாம். என் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்ததுபோலத் தட்டுகளைத்தான் பரிசாகக் கொண்டுவந்தார்கள். அவை அலமாரியில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. நான் சொல்வது சகனை. விளிம்பு உயர்ந்த பெரிய வட்டத் தாம்பாளம். கல்யாண வீடுகளில் அதில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சியை வைத்து, சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமாகச் சாப்பிடுவார்கள். குளச்சலில் எங்கள் ஆட்களுக்கு அது விருந்து நாளைக்கான சங்கதி. எங்கள் வீட்டில் மட்டும் தினமும் அதில்தான் சாப்பாடு. அதற்குக் காரணம் என் அண்ணன். எங்கள் பேச்சில் காக்கா.

காக்கா வளைகுடாவில் தண்ணீர் லாரி ஓட்டியவர். ஒரு அறையில் அடுக்குக் கட்டில்களில் ஆட்கள் குடியிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரத்தில் வேலை. அதனால் சாப்பாடு என்றால் கட்டிலில் பேப்பரை விரித்து, பொதியைப் பிரித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு தின்பது. அவருடைய இளமை முழுவதும் அந்தச் சுவரைப் பார்த்தே போயிற்று. இடையில் அவருடைய மனைவி, எங்கள் மைனி, இறந்துபோனாள். பிள்ளை கிடையாது. கடைசியில் ஊரோடு வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் கொண்டுவருவதுபோல டிவியோ கம்பளியோ கொண்டுவரவில்லை. அட்டையும் போர்வையும் சுற்றிக் கட்டிய இந்தச் சகனைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்.

"இனி எனக்குத் தனியா தின்ன வேண்டாம் மக்கா" என்றார். அவ்வளவுதான். வேறு எதையும் அவர் எங்களிடம் கேட்டதில்லை.

அப்படித்தான் காக்கா, நான், என் மனைவி, கல்லூரிக்குப் போகும் என் மகள் என்று நான்கு பேரும் அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்ததும் அந்த வட்டத்தைச் சுற்றி உட்காரத் தொடங்கினோம். அந்த வட்டத்தில் ஒருவர் சாப்பிடுவதை நிறுத்தினார். சட்டென்று அல்ல, கொஞ்சங்கொஞ்சமாக. மற்ற மூன்று பேரும் முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குத் தெரியவில்லை.

எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்பீர்கள். சகனுக்குச் சில முறைகள் உண்டு. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீட்டக்கூடாது. நடுவிலிருக்கும் மீனையோ இறைச்சியையோ மூத்தவர் பிய்த்து மற்றவர்கள் பக்கம் தள்ளிவிடுவார், அது பிரியம். மூத்தவர் கைதான் முதலில் தட்டில் விழும், கடைசியில் எழும். அவர் முன்னதாகக் கையை எடுத்துவிட்டால் இளையவர்கள் கூச்சப்பட்டு அரை வயிற்றோடு எழுந்துவிடுவார்கள் அல்லவா, அதற்காக. தனக்குப் போதுமென்றாலும் சோற்றைப் பிசைந்துகொண்டு கையை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த முறைகளுக்குள்ளேதான் காக்கா ஒளிந்துகொண்டார். ஒரு ஆள் எல்லோருடைய கண்ணெதிரிலும் உட்கார்ந்து தினமும் சாப்பிடாமல் இருக்க முடியும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். எதற்கும் சிரிப்பது எனக்கு ஒரு வியாதி. இன்னொரு வியாதி சர்க்கரை.

அந்தச் சர்க்கரையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று நான் சொன்னால் என் மனைவி ஒத்துக்கொள்ள மாட்டாள். அவளைப் பொறுத்தவரை எல்லாம் வாழைக்காய் பஜ்ஜியில் தொடங்கியது. என் செருப்புக்கடைக்கு நேர் எதிரே ஒரு டீக்கடை. சாயங்காலம் அங்கே பஜ்ஜி போடும் மணம் வந்துவிட்டால், வாடிக்கையாளரின் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டு, அடுத்த காலுக்கு வருவதற்குள் நான் சாலையைக் கடந்திருப்பேன். லேபில் வந்த முடிவை டாக்டரம்மா படித்துவிட்டு, "இப்படியே போனா உங்க செருப்புக்கடையில நீங்களே செருப்புப் போட முடியாது" என்றார். காலை வைத்து என்னைப் பயமுறுத்தலாம் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

அன்றே என் மனைவி எண்ணெய்ச் சட்டியைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினாள். ஏற்றும்போது அதன் முகத்தை நான் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். அதற்குப் பிறகு வீட்டில் புது ஆட்சி. பொரித்த சாளை மீன் போயிற்று. மிளகாயும் இஞ்சியும் அரைத்துப் பூசி வாழையிலையில் பொதிந்து சுட்ட சாளை வந்தது. சம்பா அரிசிச் சோறு பாதி, முருங்கை இலைத் துவரனும் சிறுபயறும் மீதிப் பாதி. மீன் குழம்பில் தேங்காய் குறைந்தது. எங்கள் ஊரில் தேங்காய் குறைந்த மீன் குழம்பை வைத்துவிட்டு ஒரு பெண் தலைநிமிர்ந்து நிற்கிறாள் என்றால் அவளுக்குத் தைரியம் அதிகம்.

"ஒரே சகன்ல உங்களுக்கு மட்டும் தனியா பத்தியச் சோறு வைக்க முடியாது. அதனால எல்லாருக்கும் பத்தியம்தான்" என்றாள்.

மகள் முகத்தைச் சுளித்தாள். காக்காதான் கை தூக்கி ஆதரித்தார். "நல்லதுதானே பிள்ளே. எல்லாரும் ஒண்ணுபோலத் தின்னுவோம். இவனுக்க வயிறும் கொறச்சு உள்ள போவட்டும்."

என் வயிறு உள்ளே போகவில்லை. அதுதான் இந்தக் கதையின் முதல் அடையாளம். நாங்கள் பார்க்கத் தெரியாமல் பார்த்த அடையாளம்.

மற்றவர்கள் மெலிந்தார்கள். மகளின் முகத்தில் பரு குறைந்தது. மனைவிக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது. காக்கா எல்லோரையும் விட நன்றாக மெலிந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது, கூட்டாளிகள் அவருடைய தோளைத் தட்டினார்கள்.

"என்ன காக்கா, மாப்பிள்ள மாதிரி ஆயிட்டிய. மறுகல்யாணத்துக்கு ஒருக்கமா?"

"எல்லாம் தம்பி பெஞ்சாதிக்கச் சமையலு" என்பார் காக்கா. சொல்லும்போது ஒரு கையால் நெஞ்சைத் தடவிக்கொள்வார். மனநிறைவு என்று நினைத்தேன்.

அந்தப் புகழ் எங்கள் தெருவில் பரவி, என் மனைவியிடம் பெண்கள் வந்து முருங்கை இலைத் துவரன் பக்குவம் கேட்கத் தொடங்கினார்கள். அவளும் சொல்லிக்கொடுத்தாள். "எங்க காக்காவப் பாருங்க, தொப்பை இருந்த எடமே தெரியல்ல" என்று உதாரணத்துக்கு அவரைக் காட்டினாள். உதாரணம் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டம்ளரில் வெந்நீரை மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் அவர் கடைக்கு வந்தார். புதிதாக வாங்கிய செருப்பு நடக்கும்போது கழன்று கழன்று போவதாகச் சொன்னார். நானே அவருக்கு எடுத்துக்கொடுத்த செருப்பு. அளவு பிசகச் சான்ஸே இல்லை. குனிந்து பார்த்தேன். வாருக்கும் காலுக்கும் நடுவில் என் விரல் போகும் இடைவெளி. வாரை இழுத்து, துளை இல்லாத இடத்தில் ஊசியால் புதுத் துளை போட்டு மாட்டினேன்.

"எல்லாவனும் தொப்பையில மெலிவான். நீங்க பாதத்துல மெலிஞ்சிருக்கிய. இனி குழந்தைகளுக்க ஷெல்ஃபுலதான் உங்களுக்குச் செருப்பு பாக்கணும்."

"எடுத்துத் தா. பாட்டுக் கேக்கும்லா, விசிலடிக்கிற செருப்பு, அது."

இரண்டு பேரும் சிரித்தோம். செருப்புக்கடைக்காரன் ஆட்களைக் கீழேயிருந்து பார்ப்பவன். முகம் வரைக்கும் போய்ச் சேர்வதற்குள் வியாபாரம் முடிந்துவிடும். அன்றும் நான் அவருடைய முகம் வரைக்கும் போகவில்லை. அவர் சாலையைக் கடந்து போகும்போது சட்டை முதுகில் ஒட்டாமல் காற்றில் தனியாக ஆடிக்கொண்டு போனது மட்டும் நினைவிருக்கிறது.

சகனில் என் பக்கத்துச் சோறு குறையவே குறையாது. நான் தின்னத் தின்ன அங்கே ஒரு மேடு இருந்துகொண்டே இருக்கும். ஒன்றாக உட்கார்ந்து தின்றால் பரக்கத் உண்டு, கொஞ்சமாக வைத்தாலும் எல்லோருக்கும் போதுமானதாக இருக்கும் என்று சின்ன வயதில் மதரசாவில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாடம் எனக்குச் சரியாக ஏறியதில்லை; பரக்கத் மட்டும் ஏறியது என்று நினைத்துக்கொண்டேன். காக்கா என் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பார். மீனைப் பிய்த்து முள் எடுத்து மகள் பக்கம் ஒரு துண்டு, என் பக்கம் ஒரு துண்டு. பேசிக்கொண்டே இருப்பார். லாரி மணலில் புதைந்த கதை, அறையில் இருந்த பாகிஸ்தானிக்குத் தமிழ்க் கெட்டவார்த்தை சொல்லிக்கொடுத்த கதை. கை ஓடிக்கொண்டே இருக்கும். கதை சொல்கிறவரின் முகத்தைப் பார்ப்போம். கையை யார் பார்ப்பார்கள்?

சில நாள் நடுவில் எழுந்து புறவாசலுக்குப் போவார். குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், யாரோ ஈரத்துணியை உதறுவதுபோல. திரும்பி வந்து, முகம் துடைத்து, மறுபடியும் உட்கார்ந்து, மறுபடியும் சகனில் கையை வைப்பார்.

"விக்கல்லே. இவளுக்க நல்லமொளகு."

மனைவி அடுத்த நாள் மிளகைக் குறைத்தாள்.

அப்புறம் லேபில் என் இரண்டாவது முடிவு வந்தது. சர்க்கரை ஏறியிருந்தது. எடையும்தான். டாக்டரம்மா காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வீட்டுச் சாப்பாடுதானா?" என்று கேட்டார். என் மனைவிக்கு முகம் சிவந்தது. அவள் சமையலை ஒருவர் சந்தேகப்பட்டால் அது என்னைச் சந்தேகப்படுவதுபோலச் சாதாரண விஷயம் அல்ல.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை.

"உண்மையச் சொல்லுங்க. எந்தக் கடையில தின்னிய?"

"அல்லாஹ் மேல சத்தியமா ஒண்ணும் தின்னல்ல."

"பஜ்ஜிக்காக அல்லாஹ்வ இழுக்காதீங்க."

மகள் நடுவில் வந்தாள். "இல்லம்மா. நான் டீக்கடைக்காரர்கிட்டக் கேட்டேன். வாப்பா கட்டன் சாயா மட்டும்தான் குடிக்காராம். சீனி போடாம."

என் மகள் எனக்குப் பின்னால் உளவு பார்த்திருக்கிறாள் என்பதில் கொஞ்சம் பெருமையாக இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது வேலை செய்யத் தெரிந்திருக்கிறதே.

"அப்பம் கணக்கு எங்க பிசகுது?" மனைவி யோசித்தாள். "நான் அளந்துதான் அரிசி போடுதேன். சகன் காலியாத்தான் எடுக்கேன். நானும் இவளும் எப்பமும் தின்னுததுதான் தின்னுதோம். அப்பம் இந்த ஆளுக்கு மட்டும் எங்கேயிருந்து கூடுதலாச் சோறு வருது?"

காக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக இந்த மாதிரி சண்டையில் என்னைக் கிண்டல் பண்ணி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க மாட்டார். அன்று சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். மனைவி கேட்ட கேள்வி கூடத்தில் அப்படியே நின்றது. அதில் ஏதோ ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. என்ன என்று தெரியவில்லை. எனக்குப் பிடிக்காத எதற்கும் என்னிடம் இருப்பது ஒரே மருந்துதான்: ஒரு வேடிக்கை செய்வது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு. முருங்கைக்காய் போட்ட பருப்புக் குழம்பு, இலையில் சுட்ட சாளை. மனைவி சோற்றைச் சகனில் பரத்திக் குழம்பை ஊற்றினாள். பிஸ்மி சொல்லி எல்லோரும் கையை வைக்கும் முன்னால் நான் முருங்கைக்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, என் பக்கத்துச் சோற்றைச் சுற்றி வரிசையாக நட்டேன்.

"என்னதுலே இது?" என்றார் காக்கா.

"வேலி. இதுக்கு உள்ள இருக்கதுதான் எனக்க பங்கு. இனி சர்க்கரை கூடினா எனக்க குத்தம். கூடலன்னா எவளோ எனக்க மேல அநியாயமாப் பழி போட்டான்னு ஊரு அறியட்டும்."

"பாகப்பிரிவினையா?"

"பத்திரம் முடிஞ்சாச்சு. இனி அந்தப் பக்கத்துல இருந்து ஒரு பருக்கை வரப்பிடாது."

மகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவளும் குழம்புச் சட்டியிலிருந்து துண்டுகளை எடுத்துத் தன் பக்கம் வேலி கட்டினாள். மனைவி திட்டிக்கொண்டே தன் பக்கத்தையும் அடைத்தாள். மூன்று பேரும் கட்டிய பிறகு நாலாவது பக்கத்துக்குத் தனியாக வேலி தேவைப்படவில்லை. சகனில் காக்காவின் பங்கு என்று ஒரு இடம் முதன்முதலாகத் தனியாகத் தெரிந்தது.

சாப்பிடத் தொடங்கினோம். காக்கா சாளையைப் பிய்த்து முள் எடுத்து என் பக்கம் தள்ளினார். நான் விரலால் தடுத்தேன்.

"எல்லை தாண்டல். சுட்டுருவேன்."

அவர் மகள் பக்கம் தள்ளினார். அவளும் சிரித்துக்கொண்டே தடுத்தாள். "பெரியவாப்பா, பாஸ்போர்ட் இருக்கா?"

மீன் துண்டு அவர் பக்கமே திரும்பியது. லாரிக் கதையைத் தொடங்கினார். நாங்கள் கதை கேட்டுக்கொண்டே தின்றோம். கை ஓடிக்கொண்டே இருந்தது, பிசைந்துகொண்டே இருந்தது, சோற்றைக் குவித்தது, பரத்தியது, மறுபடியும் குவித்தது. என் வேலிக்குள் சோறு முடிந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு கொஞ்சமாக நான் தின்றதில்லை. மனைவி முடித்தாள். மகள் முடித்தாள். சகனின் வெள்ளித்தரை மூன்று பக்கமும் பளபளவென்று தெரிந்தது. நான்காவது பக்கத்தில் சோறு அப்படியே இருந்தது. பிசைந்து பிசைந்து, குழந்தைகள் கடற்கரை மணலைத் தட்டி வைப்பதுபோல ஒழுங்காகத் தட்டி வைக்கப்பட்டு.

கதை நின்றது. மூன்று பேரும் அந்தச் சோற்றைப் பார்த்தோம். அவரும் பார்த்தார்.

பிறகு ஒரு சின்ன உருண்டை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். நிறைய நேரம் மென்றார். மெல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். விழுங்கினார். குரல்வளை மேலே ஏறியது. இறங்கவில்லை. கண்களில் தண்ணீர் நிறைந்தது. எழுந்து புறவாசலுக்குப் போனார். இந்த முறை குழாயைத் திறக்க நேரமில்லை போலிருக்கிறது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இதுநாள் வரை கேட்டது என்ன சத்தம் என்று நாங்கள் மூன்று பேரும் தெளிவாகக் கேட்டோம்.

திரும்பி வந்து முகத்தைத் துடைத்தார். உட்கார்ந்தார். மறுபடியும் சகனில் கையை வைத்தார்.

"தின்னுங்க மக்கா."

தின்ன எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை. என் வாயில் ஒரு கிண்டல் பாதி வரை வந்திருந்தது. அது என்ன என்று இப்போது நினைவில்லை.

மனைவிதான் கேட்டாள். "எப்பம் தொட்டு காக்கா?"

"நோம்புக்குப் பொறவு." கொஞ்சம் யோசித்தார். "மொதல்ல புரோட்டா எறங்கல்ல. அது எறங்கலன்னா நல்லதுதானேன்னு இருந்துட்டேன். பொறவு மீனு. பொறவு சோறு. இப்பம் வெந்நீரு விட்டுத் தள்ளுனா கொறச்சு போவும்."

"சொல்லியிருக்கலாம்லா?"

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க ரூம்ல ஒருத்தன் இருந்தான். அவனுக்கு ஒரு சீக்கு வந்துச்சு. நல்லதுக்குத்தான், மொதல்ல அவனுக்குத் தனியா ஒரு பாத்திரம் வச்சோம். பொறவு கட்டில மூலைக்கு மாத்துனோம். பொறவு டிக்கெட்டு எடுத்து ஊருக்கு அனுப்பினோம். அந்தப் பாத்திரத்தக் கடையில போய் வாங்கிட்டு வந்தது நாந்தாம்லே. டாக்டரு எனக்கு என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். கஞ்சி குடிக்கச் சொல்லுவாரு. நீங்க ஒரு பாத்திரத்துல ஊத்தித் தருவிய."

மகள் எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் முருங்கைக்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டியில் போட்டேன். விளையாட்டுக்கு ஊன்றிய வேலியைப் பிடுங்க இவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களின் செருப்புகளுக்கு மனசுக்குள் விலை போட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் டாக்டரைச் சிரிக்கவைக்க ஏதோ சொன்னேன். அவர் சிரித்துவிட்டார், அதுவரைக்கும் நல்லது. அப்புறம் காக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "கூட வேற யாரும் வந்திருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நாற்காலியைக் காட்டினார். ஒருவர் உங்களுக்கு நாற்காலியைக் காட்டுவது எவ்வளவு மோசமான விஷயம் என்று எனக்கு அன்று தெரிந்தது. நான் கடையில் தினமும் எல்லோருக்கும் காட்டுகிறேன்.

சதை கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. அதன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வீட்டில் நாங்கள் யாரும் சொல்வதில்லை, "அது" என்கிறோம். "அதுக்கு இன்னைக்கு மருந்து ஏத்தணும்," "அதுக்கு திருவனந்தபுரம் போணும்." உணவுக்குழாயின் பாதி வழியில் அது உட்கார்ந்திருக்கிறது. முதலில் மருந்தும், ஊரில் கரண்டு என்று சொல்லும் கதிர்வீச்சும் வைத்துச் சுருக்கிப் பார்க்கலாம், சுருங்கினால் அறுத்து எடுக்கலாம் என்றார்கள். அதுவரை அவர் உடம்பு தாங்க வேண்டும். தாங்க வேண்டுமென்றால் ஏதாவது உள்ளே போக வேண்டும். எல்லாம் அந்த ஒரு விஷயத்தில் வந்து நிற்கிறது: என்ன இறங்குகிறது, எவ்வளவு இறங்குகிறது.

முதல் தடவை மருந்து ஏற்றி வந்த அன்று என் மனைவி அடுக்களையில் நிறைய நேரம் நின்றாள். பிறகு அலமாரியைத் திறந்தாள். ஒரு கிண்ணத்தை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். காக்காவும் அப்படித்தான் நினைத்தார், தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் எடுத்தது சகனை. சம்பா அரிசிக் குருணையையும் சிறுபயறையும் குழையக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, கட்டியில்லாமல் அதில் ஊற்றினாள். மீனை முள் இல்லாமல் மசித்துக் கரைத்திருந்தாள். முருங்கை இலையை அரைத்து விட்டிருந்தாள். விளிம்பு உயர்ந்த சகன். கஞ்சி அதில் குளம் மாதிரி நின்றது. மகள் முற்றத்துப் பலா மரத்திலிருந்து பிலாவிலைகளைப் பறித்துக் கழுவி, கூம்பாகக் கோட்டி ஈர்க்குக் குத்தி, ஆளுக்கொரு கரண்டியாகக் கொடுத்தாள்.

"இனி எல்லாருக்கும் இதுதான்" என்றாள் மனைவி. "ஒரே சகன்ல தனித்தனியா வைக்க முடியாதுன்னு அண்ணைக்கே சொல்லியாச்சு."

காக்கா பிலாவிலையைக் கையில் வைத்துக்கொண்டு நிறைய நேரம் பார்த்தார். பிறகு பிஸ்மி சொன்னார்.

அப்படித்தான் இப்போதும் சாப்பிடுகிறோம். என் சர்க்கரை இறங்கிவிட்டது. டாக்டரம்மா சந்தோஷப்பட்டு, "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் வாங்கிய ஒரே நல்ல ரிசல்ட்; அதைக் காட்ட ஆள் இல்லாமல் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறேன்.

கஞ்சியில் வேலி கட்ட முடியாது. யார் பக்கம் தள்ளினாலும் திரும்பி வந்து சமமாகிவிடும். அதனால் காக்காவால் இனி ஒளிந்துகொள்ள முடியாது என்று நினைத்தோம். ஆனால் நடப்பது வேறு. அவர் இரண்டு மிடறு குடித்துவிட்டு மூச்சு வாங்க நிற்கும்போது, நாங்கள் முடித்துவிட்டால் அவர் இலையை வைத்துவிடுவார் என்று எங்களுக்குப் பயம். அதனால் மூன்று பேரும் முடிக்காமல் கையை ஓட்டிக்கொண்டே இருக்கிறோம். பாதி இலை கோருகிறோம், வாய்க்குக் கொண்டுபோகிறோம், உதட்டை நனைத்துவிட்டு இறக்குகிறோம். லாரிக் கதைகளை இப்போது நான் சொல்கிறேன். பாகிஸ்தானி கெட்டவார்த்தையைத் தப்பாகச் சொன்ன இடத்தில் அவர் திருத்துகிறார். திருத்தும் வேகத்தில் ஒரு மிடறு இறங்கிவிடும். நாங்கள் மூன்று பேரும் முகத்தைப் பார்ப்பதுபோல அவருடைய தொண்டையைப் பார்க்கிறோம். ஏறுகிறது. நிற்கிறது. நாங்கள் மூச்சுவிடுவதில்லை. இறங்குகிறது. அப்புறம் சகனின் விளிம்பைப் பார்க்கிறோம். கஞ்சி காய்ந்த கோடு ஒன்று அங்கே நிற்கும். அந்தக் கோட்டிலிருந்து கஞ்சி எவ்வளவு கீழே போயிருக்கிறது என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்பதற்கு அளவு.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவர் வரவில்லை. கால் நடுங்குகிறது என்றார். நான் தொழுதுவிட்டு வந்தபோது சகனில் கஞ்சி ஊற்றித் தயாராக இருந்தது. சுற்றி உட்கார்ந்தோம். கோடு இன்னும் விழவே இல்லை. நான் லாரியை மணலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன். கதையில் சக்கரம் புதையும் இடம் வரும்போது அவர் வழக்கமாகத் திருத்துவார். முன்சக்கரம் அல்ல, பின்சக்கரம். வேண்டுமென்றே முன்சக்கரம் என்றேன்.

அவர் திருத்தவில்லை. பிலாவிலையைச் சகனின் விளிம்பில் சாய்த்து வைத்தார். கையை எடுத்து மடியில் துடைத்துக்கொண்டார்.

மூத்தவர் முதலில் கையை எடுக்கக்கூடாது. அது அவர் எங்களுக்குச் சொல்லித்தந்த முறை. சாப்பிடவே முடியாத அத்தனை நாளிலும் அதை மட்டும் அவர் மீறியதில்லை.

"நீங்க தின்னுங்க மக்கா" என்றார்.

அவர் எடுத்த பிறகு நாங்களும் எடுக்க வேண்டும். எடுத்தால் முடிந்தது என்று அர்த்தம். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். மகள் யாரையும் பார்க்காமல் இலையைக் கஞ்சிக்குள் விட்டுக் கோரினாள். வாய்க்குக் கொண்டுபோனாள், இறக்கினாள், மறுபடியும் கோரினாள். நானும் இலையை விட்டேன். மனைவியும்.

"பின்சக்கரம் காக்கா" என்றேன். "பின்சக்கரம்தானே புதைஞ்சுது?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சியில் ஆடை பிடிக்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் கையை எடுக்கவில்லை.